பூட்டிய கதவும் புரியாத மொழியும்

சிறைக்குச் செல்பவருக்கு விடுதலைத் திகதி ஒன்று உண்டு. நான்கு வருடமென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அவர் நாட்காட்டியைப் பார்த்து நாட்களை எண்ணலாம். ஆனால், மனநோயின் காரணமாகவே குற்றமிழைத்தார் என்று ஜேர்மன் நீதிமன்றம் தீர்மானிக்கும் ஒருவருக்கு அத்தகைய திகதி எதுவும் இல்லை. அவர் சமூகத்துக்கு ஆபத்தானவர் எனக் காணப்படுமிடத்து, அவரை உளமருத்துவமனையில் வைக்குமாறு குற்றவியற் சட்டக்கோவையின் 63ஆம் பிரிவு பணிக்கின்றது. எத்தனை காலத்துக்கு என்று அது கூறவில்லை. இனி அவரால் பாரதூரமான ஆபத்து இல்லையென்று நீதிமன்றம் நம்பும்வரை கதவு திறவாது. அந்த நம்பிக்கை இரத்தப் பரிசோதனையிலிருந்து பிறப்பதன்று. அவர் என்ன பேசுகின்றார், தமது செயலைப் பற்றி என்ன நினைக்கின்றார், தமது நோயை எவ்வாறு விளங்கிக்கொண்டுள்ளார் என்பவற்றைக் கொண்டே வைத்தியர்கள் எழுதுகின்றனர். வைத்தியர்கள் எழுதுவதைக் கொண்டே நீதிபதிகள் முடிவு செய்கின்றனர்.

அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியுமாயின் நிலை யாது?

இவ்வகை மருத்துவமனையை ஜேர்மன் மக்களைப் பின்பற்றி எம்மவரும் ‘ஃபொறென்சிக்’ என்றே கூறுகின்றனர். அதுவும் தணிந்த குரலிலேயே கூறுகின்றனர். அகதித் தஞ்ச வழக்கு, குடும்ப இணைவு, வேலை அனுமதி ஆகியவை பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றோம். இந்தப் பூட்டிய கதவுகளுக்கு உள்ளே இருப்போரைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. 1983ஆம் ஆண்டின் பின்னர் ஐரோப்பாவுக்கு வந்த எமது மக்களுள் இத்தகையோரும் உளர். பலரல்லர், ஆயினும் உளர். நீதிமன்றங்களிலும் வைத்தியசாலைகளிலும் நெடுங்காலமாக மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றியவன் என்ற வகையில் அவர்களுட் சிலருக்கு அருகில் அமர்ந்திருக்கின்றேன். எவரையும் அடையாளங் காட்டாத வகையில் ஊரையும் காலத்தையும் மறைத்தே இங்கு எழுதுகின்றேன்.

ஒன்றை முதலிலேயே கூறிவிட வேண்டும். இது குற்றத்துக்குப் பரிந்து பேசும் கட்டுரையன்று. நோயின் பிடியில் ஒருவர் தாக்கும்போது காயப்படுபவர் பலவேளைகளில் அவருடைய மனைவியே, தாயே, ஒரே அறையில் வாழும் நண்பரே. அவர்களைப் பாதுகாப்பது அரசின் கடமை. நாம் கேட்பது இரக்கத்தையன்று. ஒரே சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டவர்களுக்கு ஒரே அளவான சிகிச்சையையும், வெளியேறுவதற்கு ஒரே அளவான வாய்ப்பையுமே கேட்கின்றோம்.

‘சத்தம் கேக்குதோ?’

இளைஞர் ஒருவர் தம்முடன் ஒரே வீட்டில் வசித்தவரைச் சமையலறைக் கத்தியாற் காயப்படுத்தியமைக்காகக் கைதானார். முதல் வாரத்தில் அவரைப் பரிசோதித்த வைத்தியர், அவருக்குக் குரல்கள் கேட்கின்றனவா என்று வினவினார். மொழிபெயர்ப்பாளர் எவரும் அன்று கிடைக்கவில்லை. உணவகத்தில் அவருடன் கோப்பை கழுவிய நண்பர் ஒருவரே இடையில் நின்று உதவினார். அந்த உரையாடலை இளைஞர் பின்னர் எனக்கு அப்படியே கூறினார்.

“தம்பி, உமக்குச் சத்தம் கேக்குதோ எண்டு டொக்டர் கேக்கிறார்.”

“ஓம் அண்ணை, இரவிரவாக் கேக்குது.”

அவர் குடியிருந்த அறை மதுச்சாலை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. எமது பேச்சுவழக்கில் மனிதக் குரலும் சத்தமே, தெருவோசையும் சத்தமே. இல்லாத குரல்களைக் கேட்கின்றார் என்று ஏட்டிற் பதிவாயிற்று.

அவர் நோயாளியல்லர் என்று நான் கூறவரவில்லை. அவர் நோயுற்றே இருந்தார். கதவைத் தட்டுபவர் எவராயினும் தம்மைப் பிடித்துச் செல்லவே வந்திருக்கின்றனர் என்ற அச்சம் அவரை ஆட்கொண்டிருந்தது. அவ்வச்சத்தின் வேர், தாயகத்தில் ஒரு சுற்றிவளைப்பின்போது அண்ணன் அழைத்துச் செல்லப்பட்ட ஓர் அதிகாலையில் இருந்தது. அதனை எவரும் அவரிடம் கேட்கவில்லை. கேளாத குரல்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. குரல்கள் நின்றனவா என்று ஆண்டுதோறும் கேட்கப்பட்டது. அதற்குள் ஓரளவு ஜேர்மன் மொழி கற்றுக்கொண்ட அவர், தமக்கு ஒருகாலமும் குரல் கேட்டதில்லை என்று உண்மையையே கூறினார். ‘நோயாளி தமது நோயை ஏற்க மறுக்கின்றார்’ என்று எழுதப்பட்டது. நோயை உணராதவர் மருந்தைக் கைவிடுவார், மருந்தைக் கைவிடுபவர் ஆபத்தானவர், ஆபத்தானவரை விடுவிக்க இயலாது. தர்க்கத்திற் பிழையில்லை. அடியிலுள்ள ஒரு சொல்லிலேயே பிழை இருந்தது.

பண்பாட்டு வேற்றுமை என்று பெரிய பெயர் கொடுத்துப் பேசப்படுபவை நடைமுறையில் இத்தகைய சிறிய விடயங்களே. பெரியவர் முன்னிலையில் தலை குனிந்திருப்பது எமக்கு மரியாதை. வைத்தியருக்கு அது எதையோ மறைப்பதாகத் தோன்றலாம். விளங்காவிட்டாலும் ‘ஓம்’ என்று தலையாட்டுவது எமக்குப் பணிவு. ஏட்டில் அது ஒப்புதல். ‘நெஞ்சு எரியுது’, ‘தலை விறைக்குது’, ‘மனம் விட்டுப் போச்சு’ என்று எமது மக்கள் துயரத்தை உடம்பின் மொழியிற் கூறுகின்றனர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதனை விரிவாக எழுதியுள்ளார். இறந்த தாய் கனவில் வந்து பேசினார் என்பதும், யாரோ செய்வினை வைத்துவிட்டனர் என்பதும் எமது ஊர்களில் நோயற்றோரும் கூறும் வார்த்தைகள். எது நம்பிக்கை, எது நோய் என்று பிரித்தறிய, அந்த எல்லையை அறிந்த ஒருவர் அறையில் இருத்தல் வேண்டும்.

உண்மையும் மாயமும்

இதனினும் பாரதூரமானதொரு நிலைமை உண்டு. பெற்றோல் ஊற்றிய பொலித்தீன் பையைத் தலையில் மாட்டி மூச்சுத் திணறச் செய்தனர் என்று ஒருவர் கூறும்போது, அமைதியான ஐரோப்பிய நகரொன்றில் வளர்ந்த வைத்தியருக்கு அது நோயின் கற்பனையாகத் தோன்றக்கூடும். அது கற்பனையன்று. இலங்கை பற்றி ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் 2015இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இச்சித்திரவதை முறையும் பதிவாகியுள்ளது.

உண்மையைக் கூறியவரையே மாயத்தில் வாழ்பவராகக் கொள்வது நடக்கக்கூடியதா என்று எவரேனும் ஐயுறின், அவர் குஸ்டல் மொலாத் என்ற ஜேர்மானியரின் வழக்கை நினைவிற் கொள்வாராக. மனைவியைத் தாக்கினார் என்பது முதலிய குற்றச்சாட்டுகளின்மேல், 2006இல் நூர்ன்பேர்க் நகரில் அவரை 63ஆம் பிரிவின்கீழ் அடைக்குமாறு தீர்ப்பாயிற்று. வங்கியிற் பணியாற்றிய மனைவி கறுப்புப் பணத்தைச் சுவிற்சர்லாந்துக்குக் கடத்த உதவினார் என்று அவர் கூறிவந்தமை நோயின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. ஆனால் அந்த வங்கியின் உள்ளகத் தணிக்கை, அவர் கூறியவற்றுட் சரிபார்க்கக்கூடியவை யாவும் உண்மையென்று 2003இலேயே கண்டிருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்த அவர் 2013 ஓகஸ்டில் வெளியே வந்தார். 2014இல் மறுவிசாரணையில் விடுவிக்கப்பட்டார்.

மொலாத் ஜேர்மன் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். கடிதம் எழுதத் தெரிந்தவர். ஆதரவாளர்களும் பத்திரிகையாளர்களும் சட்டத்தரணிகளும் அவருக்காக உழைத்தனர். அத்தகையவருக்கே ஏழு ஆண்டுகள் சென்றன எனின், எழுதத் தெரியாத மொழியில் அடைபட்டிருக்கும் எமது உறவுக்கு எத்தனை ஆண்டுகள் செல்லும்?

அவ்வழக்கின் அதிர்ச்சியும் சேர்ந்து சட்டத்தை மாற்றிற்று. 2016 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, ஆறு ஆண்டுகளுக்கு மேலும் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஒருவரைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கு முன்னிலும் கடுமையான காரணங்கள் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நீதிமன்றம் வழக்கை மீள ஆராய்தல் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ஆறு ஆண்டுகள் கடந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அம்மருத்துவமனையைச் சாராத நிபுணர் ஒருவரின் அறிக்கை பெறப்படல் வேண்டும். சட்டத்தரணி இல்லாதவருக்கு அவ்வேளையில் நீதிமன்றமே ஒருவரை நியமித்தல் வேண்டும். இவை நல்ல ஏற்பாடுகள். உள்ளே ஒருவர் இருக்கும் எமது குடும்பங்கள் ஒவ்வொன்றும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். ஆயினும், அந்த வெளி நிபுணரும் மொழி விளங்காமலே பழைய ஏட்டைப் பார்த்து எழுதுவாராயின், முதல் வாரத்தில் நேர்ந்த பிழையே புதிய கையொப்பத்துடன் மீண்டும் வரும்.

ஸ்ராஸ்பூர்க் கூறியது

மொழி என்பது சிகிச்சைக்கு வசதியா, அன்றிச் சிகிச்சையின் ஒரு பகுதியா? இக்கேள்விக்கு ஸ்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் விடையளித்துள்ளது. அவ்வழக்கைக் கொண்டுசென்றவர் அகதியல்லர். பெல்ஜியக் குடிமகனான றூமன் என்பவர். பாலியற் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட அவர், பின்னர் மனநிலை காரணமாகச் சமூகத்துக்கு ஆபத்தானவர் எனக் காணப்பட்டு, 2004 ஜனவரியிலிருந்து லியேஜ் நகருக்கு அருகிலுள்ள காவல் நிலையமொன்றில் வைக்கப்பட்டார். அவருக்குத் தெரிந்த மொழி ஜேர்மன். அங்கிருந்தோர் பேசியது பிரெஞ்சு. அவருக்கு உளச்சிகிச்சை தேவை என்பதை அங்குள்ள வைத்தியர்களே ஏற்றுக்கொண்டனர். ஜேர்மன் பேசும் வைத்தியர் இல்லாமையால் அது நடைபெறவில்லை. சிகிச்சை இல்லாமையால் ஆபத்து நீங்கவில்லை. ஆபத்து நீங்காமையால் விடுதலையும் இல்லை. இடையிற் சிலகாலம் ஜேர்மன் பேசும் உளவியலாளர் ஒருவருடன் உரையாடக் கிடைத்ததாயினும், அது தொடர்ந்த சிகிச்சையாக அமையவில்லை. இவ்வாறு பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன.

2017 ஜூலை 18 அன்று நீதிமன்றத்தின் முதற் தீர்ப்பு பெல்ஜியத்துக்கு எதிராக வெளிவந்தது. மறுமாதமே ஜேர்மன் பேசும் உளமருத்துவரும் உளவியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஏற்பாடாயினர்! பதின்மூன்று ஆண்டுகள் இயலாதிருந்தது சில வாரங்களில் இயன்றது. வசதியின்மை என்று அதிகாரிகள் கூறும் இடங்களில் இந்த நிகழ்வை நாம் நினைவூட்டலாம்.

2019 ஜனவரி 31இல் பேரவைத் தீர்ப்பு வந்தது. 2004இலிருந்து 2017 ஓகஸ்ட் வரை அவரை அவ்வாறு வைத்திருந்தமை, மனிதத்தன்மையற்ற நடத்தையைத் தடைசெய்யும் 3ஆம் உறுப்புரையையும், தனிமனித சுதந்திரத்தைக் காக்கும் 5ஆம் உறுப்புரையையும் மீறியது என்று அது கூறிற்று. நோயாளியை அடைத்துவைப்பதற்கு நியாயம் சிகிச்சையே. சிகிச்சை இல்லையேல் அந்த அடைப்புக்கும் நியாயமில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை நாம் மிகைப்படுத்தலும் ஆகாது. ஜேர்மன் பெல்ஜியத்தின் மூன்று அரச மொழிகளுள் ஒன்று என்பதை நீதிமன்றம் கருத்திற் கொண்டது. தமிழுக்கு ஐரோப்பாவில் அத்தகுதி இல்லை. மொழி தீர்க்கமான காரணியாவது, அக்குறையை வேறு வழியால் ஈடுசெய்ய இயலாத போதே என்றும் அது கூறிற்று. ஆயினும், மொழிபெயர்ப்பாளரை அழைத்தல் அத்தகைய ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்று. அவ்வழி திறந்திருக்கும்போது அதனைப் பயன்படுத்தாமல் ஒருவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருத்தல் எவ்வாறு நியாயமாகும்?

நீதிமன்ற விசாரணையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகப் பெறும் உரிமை ஐரோப்பிய மனித உரிமைகள் சாசனத்தின் 6ஆம் உறுப்புரையிலேயே உள்ளது. தீர்ப்பு முடிந்து மருத்துவமனைக்குள் சென்றபின் அந்த உரிமை மங்கிவிடுகின்றது. விசாரணை சில நாட்கள். சிகிச்சை பல ஆண்டுகள். சில நாட்களுக்கு மொழி கொடுத்துப் பல ஆண்டுகளுக்கு அதனைப் பறிப்பது தலைகீழான நீதி.

மதுவுக்கோ போதைக்கோ அடிமையானோரைச் சிகிச்சைக்கு அனுப்பும் 64ஆம் பிரிவின் கதையும் இத்தகையதே. முன்னர் நீதிமன்றம் கட்டாயமாக அனுப்பவேண்டியிருந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தம் அக்கட்டாயத்தைத் தளர்த்தி விதிவிலக்குக்கு இடமளித்தது. அதற்கான விளக்கத்தில், மொழி அறியாத வெளிநாட்டவர் ஓர் எடுத்துக்காட்டாகவே கூறப்பட்டனர். மொழி தெரியாதவர் ஓரிடத்தில் வெளியேற முடியாமல் நிற்கின்றார். மற்றோரிடத்தில் உள்ளே நுழைய முடியாமல் நிற்கின்றார். இரண்டிலும் அவருக்குக் கிடைக்காதது சிகிச்சை.

‘இத்தனை வருடங்கள் இந்நாட்டில் இருந்தும் மொழி கற்கவில்லையா?’ என்று சிலர் கேட்கின்றனர், எம்மவரே கேட்கின்றனர். அரசின் ஒருங்கிணைப்பு மொழி வகுப்புகள் ஜேர்மனியில் 2005இலேயே தொடங்கின. அதற்கு முன்னர் வந்தோர் முகாம்களிலும் உணவகச் சமையலறைகளிலும் கேட்டறிந்த சொற்களே அவர்களின் மொழி. பாண் வாங்கவும் பதிவு அலுவலகத்திற் பதிலளிக்கவும் அது போதும். உள்ளத்தைத் திறந்து காட்ட அது போதாது. மேலும், நோயும் அச்சமும் மிகும்போது, பின்னாளிற் கற்ற மொழியே முதலிற் கைவிடுகின்றது, தாய்மொழியே எஞ்சுகின்றது.

செலவு என்ற வாதமும் நிற்காது. இம்மருத்துவமனைகளின் செலவை மருத்துவக் காப்புறுதியன்று, மாநிலங்களே ஏற்கின்றன. தேவையின்றி நீடிக்கும் ஓராண்டுக் காவலுக்குச் செலவாகும் பணத்தில் வாரந்தோறும் மொழிபெயர்ப்பாளரை அழைக்கலாம். பெருந்தொகை எஞ்சவும் செய்யும்.

மொழி மட்டும் போதுமா?

போதாது. ஜமேய்க்காவிற் பிறந்து பிரித்தானியாவில் வளர்ந்த டேவிட் பெனற்றுக்கு ஆங்கிலம் நன்கு தெரியும். தாம் இருக்கும் மருத்துவமனையிற் கறுப்பின நோயாளர் பலர் இருந்தும் கறுப்பினப் பணியாளர் இல்லையே என்று 1993இல் அவர் கடிதமும் எழுதினார். 1998 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, நோரிச் நகரிலுள்ள காவல் உளமருத்துவமனையில் மற்றொரு நோயாளியுடன் தகராறு ஏற்பட்டது. அதில் அவர் இனத்தைச் சுட்டி ஏசப்பட்டார். வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டவர் அவரே. அங்கு அவர் தாதியொருவரைத் தாக்கியபோது, பணியாளர் பலர் அவரை நிலத்திற் குப்புறக் கிடத்தி நெடுநேரம் அழுத்திப் பிடித்தனர். அவர் இறந்தார். வயது 38. பிரித்தானிய உளமருத்துவ சேவையினுள் நிறுவனமயப்பட்ட இனவாதம் உண்டென்று அவ்விறப்பை ஆராய்ந்த விசாரணைக் குழு கூறிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் இங்கிலாந்திற் கறுப்பின மக்கள் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான விகிதத்தில் மனநலச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்படுகின்றனர்.

ஆகவே, பேசுபவருக்கு மொழி வேண்டும் என்பது போலவே, கேட்பவருக்குச் செவி வேண்டும். பெனற் ஆங்கிலத்திலேயே எழுதினார். அவருடைய கடிதம் எதையும் மாற்றவில்லை.

வெளிநாட்டவருக்கு மூன்றாவது சுமையொன்றும் உண்டு. அது நாடு கடத்தல். ஆறு வயதில், 1991இல், துருக்கியிலிருந்து டென்மார்க் வந்தவர் சவ்ரான். மனநோயுற்ற நிலையில் 2006இல் மரணத்தில் முடிந்த தாக்குதலொன்றிற் பங்குபற்றினார். காவற் சிகிச்சையுடன் நிரந்தர நாடு கடத்தலும் விதிக்கப்பட்டது. பல ஆண்டுகள் சிகிச்சை பெற்று அவர் முன்னேறினார். 2015இல் துருக்கிக்கு அனுப்பப்பட்டார். அங்கு போதிய சிகிச்சை கிடைக்காது என்ற வாதத்தை ஸ்ராஸ்பூர்க் பேரவை ஏற்கவில்லை. ஆயினும், குற்றம் நடந்தபோது அவர் நோயாளியாக இருந்தமையையும், பின்னர் குணமடைந்து வந்தமையையும் டென்மார்க் தக்கவாறு எடைபோடவில்லை என்று கூறி, அவருடைய தனிப்பட்ட வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டதென்று 2021 டிசெம்பர் 7இல் அது தீர்ப்பளித்தது. குணமடைந்தால் வீட்டுக்குச் செல்லலாம் என்பதே நோயாளியை நடத்திச் செல்லும் நம்பிக்கை. குணமடைந்தால் விமானத்தில் ஏற்றுவர் என்ற நிலையில் ஒருவர் வைத்தியரிடம் மனந்திறந்து பேசுவாரா?

எமது பங்கு

இதுவரை அரசுகளைப் பற்றிக் கூறினோம். இனி எம்மைப் பற்றியும் கூறாவிடின் இக்கட்டுரை நேர்மையற்றதாகும்.

எமது ஊரில் ‘அங்கொடைக்கு அனுப்பவேண்டும்’ என்பது கேலிச் சொல். ‘விசர்’ என்பது வசவு. அந்தச் சொற்களை நாம் பயணப்பையிலேயே கொண்டுவந்தோம். ஒரு வீட்டில் மனநோய் உண்டென்று தெரிந்தால் தங்கையின் திருமணப் பேச்சு நின்றுவிடும் என்ற அச்சத்தில் பெற்றோர் நோயை மறைக்கின்றனர். மறைத்த நோய் முற்றுகின்றது. முற்றியபின் பொலிசாரே முதலில் வருகின்றனர். 2016இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்று, அகதிகளாக வந்தோர் கடும் மனநோய்க்கு உள்ளாகும் அபாயம், அதே பிரதேசங்களிலிருந்து வேறு காரணங்களுக்காகக் குடிபெயர்ந்தோரைவிட ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதிகம் என்று கண்டது. இது எமது இரத்தத்திலுள்ள குறையன்று, நாம் கடந்துவந்த பாதையின் சுமை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஒருவரை நிபந்தனையுடன் விடுவிக்க எண்ணும் நீதிமன்றம், அவர் எங்கு வசிப்பார், யார் அவரை ஏற்பார், மருந்தை எடுக்கின்றாரா என்று யார் பார்ப்பார் என்று கேட்கின்றது. ‘பார்க்க வருவோர் எவருமில்லை’ என்ற ஒரு வரி அவ்விடத்தில் எத்துணைக் கனமானது என்பதை நான் நேரிற் கண்டிருக்கின்றேன். எமது வெட்கத்துக்கான விலையை உள்ளே இருப்பவரே தமது ஆண்டுகளாற் செலுத்துகின்றார்.

ஆகவே, அரசுகளிடம் நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. முதற் பரிசோதனையிலேயே பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். உறவினரோ உடன் பணிபுரிபவரோ சக நோயாளியோ அவ்விடத்தில் நிற்றல் ஆகாது. நிபுணர் அறிக்கை எம்மொழியில், எந்த மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் பெறப்பட்டது என்பது அவ்வறிக்கையிலேயே எழுதப்படல் வேண்டும். சிகிச்சை உரையாடல்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காக அழைக்கப்படல் வேண்டும். ஆண்டு மீளாய்வின்போது, மொழித்தடையால் சிகிச்சை தடைப்பட்டதா என்று நீதிமன்றம் வெளிப்படையாகவே வினவுதல் வேண்டும். ஜேர்மனியில் இம்மருத்துவமனைகளின் நடைமுறையை மாநிலச் சட்டங்களே வகுக்கின்றன. ஆகவே எமது சங்கங்கள் மனுக் கொடுக்கவேண்டிய இடம் பேர்லின் மட்டுமன்று, தத்தம் மாநிலப் பாராளுமன்றங்களுமாகும்.

எம்மிடம் நாம் கேட்கவேண்டியவை இன்னும் எளியவை. கோவில் நிர்வாகங்களும் தேவாலயங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, இங்கு பிறந்து இருமொழியும் அறிந்த இளையோர் சிலருக்கு மருத்துவ மொழிபெயர்ப்பிற் பயிற்சி பெற உதவலாம். அவர்கள் அறையிற் கேட்டதை வெளியிற் பேசாதோராக இருத்தல் முதல் நிபந்தனை. குடும்பத்தினர் மீளாய்வுத் திகதியைச் சட்டத்தரணியிடம் கேட்டறிந்து, தாம் அவரை ஏற்க ஆயத்தமாக உள்ளனர் என்பதை எழுத்திற் கொடுக்கலாம். ஏற்க இயலாதெனின், வருகை தரவேனும் ஆயத்தம் என்று எழுதலாம். குடும்பமற்றவருக்கு மாதம் ஒருமுறை ஒரு தமிழ்ப் பத்திரிகையும் ஒரு கடிதமும் அனுப்பலாம்.

மேற்கூறிய இளைஞரைப் பற்றி ஊரார் விசாரித்தபோது, அவர் கனடாவுக்குப் போய்விட்டார் என்றே அவருடைய உறவினர் பல ஆண்டுகளாகக் கூறிவந்தனர். அவர் கனடாவில் இல்லை. அவர்களுடைய வீட்டிலிருந்து நாற்பது நிமிடப் புகையிரதப் பயண தூரத்திலேயே இருந்தார். ஒருநாள் அவருடைய அக்கா துணிந்து சென்றார். அந்த ஏட்டில் ‘சத்தம்’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததை முதன்முதலிற் கண்டுபிடித்தவர் வைத்தியருமல்லர், நீதிபதியுமல்லர், நானுமல்லன். அருகிலமர்ந்து தமிழிற் பேசி அழுத அந்த அக்காவே. அதன் பின்னரே சட்டத்தரணி புதிய நிபுணரைக் கோரினார். அதன் பின்னரே நான் அழைக்கப்பட்டேன்.

உங்கள் குடும்பத்திலோ அயலிலோ இவ்வாறு ‘கனடாவுக்குப் போனவர்’ எவரேனும் உளராயின், இந்த வாரம் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள்.